கருப்பாக நிரப்பிப் பாருங்கள்

'கேளுங்கள், வரைவோம்' பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: குழந்தைகளுக்காகச் சொந்தமாக ஒரு கதாபாத்திரத்தை டேப்லெட்டிலோ கணினியிலோ வரைந்து வண்ணம் தீட்டுவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (குழந்தைக் கதை எழுதும் ஒரு வாசகி): மற்றவர்கள் தொலைத்த பொருட்களைத் தேடி எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் ஒரு நரியை வரைந்திருக்கிறேன். பச்சைக் கோட், மஞ்சள் ஸ்கார்ஃப், பூட்ஸ், கண்ணாடி, தோள்பை எல்லாம் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகளிடம் மறுநாள் "அந்த நரியை வரை" என்றால் வேறு ஏதோ ஒரு நரியை வரைகிறாள். மனதில் நிற்கவே இல்லை. நிறங்களை மாற்றினால் சரியாகுமா?

பதில்: நிறத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். படத்துக்கு ஒரு நகல் எடுத்து, நரியின் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒரே கருப்பாக நிரப்பிப் பாருங்கள். கண், பொத்தான், ஸ்கார்ஃப் எதுவும் தெரியக் கூடாது, வெளி உருவம் மட்டும் இருக்க வேண்டும். இப்போது அது நரி என்று தெரிகிறதா? நரி என்று தெரிந்தாலும், உங்களுடைய நரி என்று தெரிகிறதா?

நீங்கள் அனுப்பிய படத்தில் நானும் இதைச் செய்து பார்த்தேன். தோள்பை உடம்போடு ஒட்டி மறைந்துவிடுகிறது. வால் கோட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. கண்ணாடி இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு கூரான காதுகளும் அதற்குக் கீழே ஒரு நீளமான உடம்பும்தான் மிச்சம். உங்கள் மகள் நினைவிலிருந்து வரைவதும் ஏறக்குறைய அதுதானே? அவள் மறக்கவில்லை. நினைவில் பிடித்துக்கொள்ள அந்த உருவத்தில் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே விடை இருக்கிறது. தொலைந்ததைத் தேடித் தருகிற நரி. அப்படியென்றால் அதன் பைதான் முக்கியம். அந்தப் பையைப் பெரிதாக்குங்கள், நரியைவிடப் பெரிதாக. அதிலிருந்து ஒரு குடைக் கம்பியும், ஒற்றைச் செருப்பும், பாதி காற்றுப்போன பந்தும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். பாரம் பின்னால் இழுப்பதால் நரி முன்னால் சாய்ந்து நடக்கும். விழாமல் இருக்க வால் ஒரு பக்கமாக நன்றாக விலகி நிற்கும். இப்போது கருப்பாக நிரப்பினாலும் இது எந்த நரி, என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்கார்ஃபும் பூட்ஸும் கண்ணாடியும் தேவையே படாது, எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராது, எனக்குத் தெரியும். அவற்றை வேறொரு கதாபாத்திரத்துக்காகத் தனிக் கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பு ஒரு வடிவமைப்பைக் கெடுக்காது என்பதற்கு நல்ல சாட்சி வீடியோ கேம் நாயகன் மரியோ. 1981இல் ஷிகேரு மியாமோட்டோ அந்தப் பாத்திரத்தை வடிவமைத்தபோது திரையில் அவருக்குக் கிடைத்தது மிகக் குறைந்த பிக்சல்கள், அதாவது திரையின் சிறு புள்ளிகள். முடி வரைய இடமில்லை, தொப்பி வைத்தார். வாய் வரைய இடமில்லை, பெரிய மூக்குக்குக் கீழே மீசை வைத்தார். கை அசைவது தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறமும் மேலே போடும் ஓவராலுக்கு இன்னொரு நிறமும் கொடுத்தார். இன்றைக்கும் அந்தத் தொப்பியும் மீசையும் போதும், சிறு குழந்தைகூடப் பெயர் சொல்லிவிடும். அதேபோல மிக்கி மவுஸின் வெள்ளைக் கையுறை வந்தது 1929இல். கருப்பு உடம்புக்கு முன்னால் கருப்புக் கை வந்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படித் தெரியும்? கையுறை போட்டதும் கை தெரிந்தது. இரண்டிலும் அலங்காரத்துக்காக வந்தது எதுவுமே இல்லை.

உடம்பின் அளவையும் கவனியுங்கள். உங்கள் நரி ஏறக்குறைய ஆறு தலை உயரம் இருக்கிறது, அதாவது அதன் தலையை ஆறு முறை அடுக்கினால் வரும் உயரம். பெரியவர்களின் உடம்பு ஏழு, ஏழரைத் தலை உயரம். பிறந்த குழந்தைக்குத் தலையே உடம்பில் கால்வாசி. பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் சற்றுக் கீழே இறங்கிய பெரிய கண்கள், உருண்டைக் கன்னம் ஆகியவற்றைப் பார்த்தால் நமக்குள் பராமரிக்கும் உணர்வு தூண்டப்படுகிறது என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரென்ஸ் 1943இல் எழுதினார். மிகச் சிறிய குழந்தைகளுக்கான கதாபாத்திரங்கள் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று தலை உயரத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லாவற்றையும் இந்த அச்சில் போட்டு எடுக்காதீர்கள். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் தங்களைவிடக் கொஞ்சம் பெரியவர்களாகத் தெரிகிற பாத்திரங்களை விரும்புவார்கள். அவர்களுக்கு நான்கு தலை உயரம் நன்றாக இருக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): பக்கெட் டூலால் நிறம் ஊற்றினால் ஒன்று திரை முழுக்கப் பரவுகிறது, இல்லையென்றால் கோட்டை ஒட்டி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் விழுகின்றன. எங்கே தவறு?

பதில்: இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். முழுக்கப் பரவினால் கோட்டில் எங்கேயோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். பெரிதாக்கிப் பார்த்து மூடுங்கள். பெரும்பாலும் கழுத்தும் சட்டையும் சேரும் இடம், விரல் இடுக்கு, காதின் அடி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வெள்ளைப் புள்ளிக்குக் காரணம் கோட்டின் ஓரம். திரையில் கோடு வழவழப்பாகத் தெரிவதற்காக அதன் ஓரத்துப் பிக்சல்கள் பாதி ஒளி ஊடுருவும்படி இருக்கும். பக்கெட் அவற்றைக் கோடு என்று நினைத்து முன்னாலேயே நின்றுவிடும். எவ்வளவு நிற வித்தியாசம் வரை நிரப்பலாம் என்று சொல்லும் 'த்ரெஷோல்ட்' அளவைச் செயலியில் கொஞ்சம் கூட்டுங்கள். அல்லது நிரப்பும் பகுதியை ஓரிரு பிக்சல் விரிவாக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். நிறம் கோட்டுக்கு அடியில் நுழைந்துவிடும், வெள்ளை தெரியாது.

இதற்குக் கோடும் நிறமும் வேறு வேறு லேயரில், அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகளில், இருக்க வேண்டும். கோடு மேலே, நிறம் கீழே. என் கோப்புகளில் கீழிருந்து மேலாக வரிசை இப்படி இருக்கும்: பின்னணி, தட்டை நிறங்கள் (நிழலும் வெளிச்சமும் இல்லாத அடிப்படை நிறங்கள்), அதன் மேல் நிழல், அதன் மேல் வெளிச்சம், எல்லாவற்றுக்கும் மேலே கோடு. தட்டை நிறத்திலும் தோலுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, உடைக்கு ஒன்று என்று தனித்தனி லேயர். நிழலை நேராகத் தோல் லேயரில் தீட்டாதீர்கள். அதற்கு மேலே புது லேயர் வைத்து 'க்ளிப்பிங்' போடுங்கள், அப்போது தூரிகை எங்கே போனாலும் நிறம் தோலைத் தாண்டாது. கிரிட்டா என்ற வரையும் செயலியில் இதே வேலையை 'இன்ஹெரிட் ஆல்ஃபா' செய்யும். ஆனால் அந்த இரண்டு லேயரையும் ஒரு குரூப்புக்குள் போட்டால்தான் சரியாக நடக்கும். பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி (ஆசிரியை): என் கதையின் நாயகி நல்ல கருத்த நிறம். வேண்டுமென்றே அப்படி வைத்தேன். ஆனால் திரையில் வண்ணம் தீட்டினால் முகம் அழுக்குப் படிந்ததுபோல வருகிறது. கொஞ்சம் வெளுப்பாக்கினால் உடனே பளிச்சென்று ஆகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி முடியாது. கருத்த நிறம் அழுக்காக வருவதற்கு அந்த நிறம் காரணமில்லை. நிழலுக்கு நாம் எடுக்கிற நிறம்தான் காரணம். அதைச் சரிசெய்வது சுலபம்.

பழுப்பு என்பது திரையைப் பொறுத்தவரை பிரகாசம் குறைந்த ஆரஞ்சு. கலர் வீலில் ஆரஞ்சு இருக்கும் 20 டிகிரி பக்கம் போய், பிரகாசத்தை இறக்கினால் பழுப்பு வரும். உங்கள் நாயகிக்கு இதை முயன்று பாருங்கள்: சிவப்பு 141, பச்சை 85, நீலம் 54. செயலியின் நிறப் பெட்டியில் இந்த மூன்று எண்களைக் கொடுங்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். இது அடிப்படை நிறம்.

இனி நிழல். பெரும்பாலோர், கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் 'மல்டிப்ளை' வகை லேயரில் சாம்பலை எடுத்துத் தீட்டுவார்கள். மல்டிப்ளை செய்வது ஒரு எளிய கணக்கு: இரண்டு நிறங்களின் எண்களையும் பெருக்கி 255ஆல் வகுக்கும். நடுச் சாம்பல் 128 என்றால் உங்கள் பழுப்பின் மூன்று எண்களும் அப்படியே பாதியாகும்: 71, 43, 27. நிறம் மாறவில்லை, ஒளி மட்டும் அணைந்தது. அந்த உயிரில்லாத தோற்றத்தைத்தான் நீங்கள் அழுக்கு என்கிறீர்கள். சாம்பலுக்குப் பதிலாக மங்கலான ரோஜா ஊதா ஒன்றை எடுங்கள், சிவப்பு 176, பச்சை 126, நீலம் 146. அதே மல்டிப்ளை, அதே பழுப்பு, ஆனால் வருவது 97, 42, 31. நிழல் சிவப்புப் பக்கம் திரும்பிவிட்டது. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது தெரியும். முகத்துக்கு உயிர் வந்துவிடும்.

வெளிச்சத்துக்கு வெள்ளையைக் கலக்கவே கலக்காதீர்கள். வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகும். 184, 137, 95 என்று மஞ்சள் பக்கம் சாய்ந்த ஒரு நிறத்தை நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கன்னத்தின் மேட்டிலும் வையுங்கள். வெட்டவெளியில் நடக்கிற காட்சியானால், முகத்தின் ஓரத்தில் வானத்தின் நீலம் மெல்லிய கீற்றாக விழலாம். கருத்த தோலில் அந்த நீலம் அவ்வளவு அழகாக உட்காரும், வெளிர் தோலில் அந்த அளவுக்குத் தெரியாது.

முடிக்குத் தூய கருப்பு வேண்டாம். முழுக் கருப்பு வைத்தால் முடிக்குள் ஒரு கோடுகூட வரைய முடியாது, சடை எங்கே திரும்புகிறது, நெற்றியில் எங்கே விழுகிறது எதுவும் தெரியாது. 38, 30, 44 போன்ற ஒரு இருண்ட ஊதாவை எடுங்கள். பார்ப்பவருக்கு அது கருப்பாகவே தெரியும். கோட்டையும் கருப்பில் வைக்காமல் இருண்ட சிவப்புப் பழுப்பில் வையுங்கள். கண்ணின் வெள்ளையைச் சுத்த வெள்ளையாக விடாமல் துளி பழுப்பு சேருங்கள், இல்லையென்றால் கண்கள் முறைத்துக்கொண்டு நிற்கும்.

பின்னணியையும் யோசியுங்கள். பழுப்புச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் எந்த நாயகியும் காணாமல்தான் போவாள். ஆரஞ்சுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது நீலம். வெளிர் நீலப் பச்சைக்கு முன்னால் அவளை நிறுத்திப் பாருங்கள், பிரகாசத்தைத் துளிகூடக் கூட்டாமலே அவள் ஒளிர்வாள்.

கிரேயோலா நிறுவனம் தன் மெழுகு வண்ணப் பெட்டியில் 'சதை' என்று பெயரிட்டிருந்த வெளிர் நிறத்துக்கு 1962இல் 'பீச்' என்று பெயர் மாற்றியது. ஆனால் இன்றும் பிள்ளைகள் "டீச்சர், ஸ்கின் கலர் குடுங்க" என்று கேட்டால் நாம் யோசிக்காமல் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் அந்த வெளிர் நிறத்தைத்தான். உங்கள் கதையைப் படிக்கும் ஒரு பிள்ளை, தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து "என் கலர்" என்று சொல்லட்டும். வெளுப்பாக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கதாபாத்திரத்துக்கு எத்தனை நிறம் வைக்கலாம்?

பதில்: திரையில் மூன்று எண்களும் 0 முதல் 255 வரை போகும் என்பதால் மொத்தம் 1,67,77,216 நிறங்கள் இருக்கின்றன. உங்களுக்கு நான்கு போதும். ஒரு நிறம் பெரும்பகுதி, ஒன்று துணைக்கு, ஒன்று கொஞ்சமாகக் கண்ணை இழுக்க, அப்புறம் கோட்டுக்கு ஒன்று. எல்லாவற்றையும் சம அளவில் வைக்காதீர்கள், எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் போகும்.

கேள்வி (ஒரு தந்தை): என் மகனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. அவனும் நானும் சேர்ந்து ஒரு விளையாட்டுக்காகக் கதாபாத்திரங்கள் வரைகிறோம். அவன் நிறம் தேர்ந்தெடுக்கத் தயங்குகிறான். அவனுக்கு எப்படி உதவுவது?

பதில்: அவனிடம் முதலில் சொல்லுங்கள், அவனைப் போலப் பலர் இருக்கிறார்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சைக் குழப்பம் உண்டு. பெண்களில் 200 பேரில் ஒருவருக்கு. மற்ற மக்களிடையே இந்த விகிதம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். நீங்கள் செய்யும் விளையாட்டை ஆடப் போகிறவர்களிலும் அவனைப் போன்றவர்கள் இருப்பார்கள். அதனால் அவன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற கதாபாத்திரம்தான் நல்ல கதாபாத்திரம். இதில் சோதித்துச் சொல்ல வேண்டியவனே அவன்தான்.

வழி இது. எல்லா லேயருக்கும் மேலே ஒரு லேயர் வைத்து அதைச் சாம்பலால் நிரப்பி, பிளெண்ட் மோடை (கீழே உள்ள லேயரோடு கலக்கும் விதத்தை) 'கலர்' என்று மாற்றுங்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாகிவிடும், கண்ணை அணைத்தால் நிறம் திரும்பி வரும் (லேயரின் கண் அடையாளத்தைச் சொல்கிறேன்). இதில் பார்த்தால் எந்தெந்த நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்துபோகின்றன என்று தெரியும். உதாரணமாக 220, 40, 40 என்ற சிவப்புச் சட்டையும் 0, 130, 60 என்ற பச்சைக் கால்சட்டையும் நமக்கு எவ்வளவு தூரம்! சாம்பலில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. காரணம், ஒரு நிறத்தின் பிரகாசத்தைக் கண் அளக்கும்போது பச்சைக்குத்தான் பெரிய பங்கு, சுமார் 72 சதவீதம். சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. அதனால்தான் தூய மஞ்சள் வெள்ளைக்குப் பக்கத்திலும் தூய நீலம் கருப்புக்குப் பக்கத்திலும் போய் நிற்கின்றன.

சட்டையை வெளிர் மஞ்சளாகவும் கால்சட்டையை அடர் நீலமாகவும் மாற்றினால் அவனுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பச்சைதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், பச்சையை நன்றாக வெளிறச் செய்யுங்கள், அல்லது பட்டையோ புள்ளியோ போட்டுப் பிரித்துக் காட்டுங்கள். நிறம் தேர்ந்தெடுக்கும் தயக்கம் தீர, உங்கள் பேலட்டில் (நிறங்களின் பட்டியலில்) ஒவ்வொரு நிறத்துக்கும் அவனே ஒரு பெயர் வைக்கட்டும். 'சட்டை', 'வால்', 'மழைக்கால வானம்' என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அப்புறம் அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி (9 வயது வாசகர்): என் கேரக்டர் ஒரு பல்லி. பேரு டிங்கு. அதுக்கு வால் போனா வேற கலர்ல வால் முளைக்கும். நான் உடம்பெல்லாம் வானவில் கலர் அடிச்சேன். ஆனா வால் தனியா தெரியல. என்ன பண்றது?

பதில்: தங்கம், டிங்கு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. உனக்கு ஒரு செய்தி: நிஜப் பல்லிக்கும் புதிதாக முளைக்கும் வால் பழைய வாலைப் போலவே இருக்காது. நிறமும் செதில் வரிசையும் பல நேரம் மாறிவிடும். உள்ளே எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். நீ கற்பனை செய்தது பாதி உண்மை!

வால்தான் இந்தக் கதையின் ராஜா. அதனால் உடம்பு கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும். உடம்புக்கு ஒரே ஒரு வெளிர் நிறம் போதும். வானவில் நிறம் எல்லாவற்றையும் வாலுக்குக் கொடுத்துவிடு. ஒவ்வொரு வாலையும் தனி லேயரில் வரை. ஒன்றைக் காட்டி மற்றவற்றை மறைத்தால் வால் மாறிக்கொண்டே இருக்கும். நிறத்தோடு வடிவத்தையும் மாற்று: ஒன்று சுருள், ஒன்று குண்டு, ஒன்று முடிச்சு போட்டது. எந்தச் சம்பவத்துக்கு எந்த வால் முளைக்கிறது என்று நீ முடிவு செய். பயந்தபோது போன வாலுக்குப் பதில் என்ன வால் வரும்?

இன்னொன்று. பெரும்பாலான பல்லிகளுக்குக் கண் இமை கிடையாது, கண் சிமிட்டாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். டிங்கு அழும்போது என்ன செய்வான்? அதை வரைந்து எனக்கு அனுப்பு, நான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பிடித்த கார்ட்டூன் பாத்திரத்தின் தலைமுடியையும் உடையையும் மாற்றினால் அது என் சொந்தப் பாத்திரம் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. பழகுவதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்து வரையுங்கள், கை பழக அதைவிட நல்ல வழி இல்லை. வெளியிடுவதும் விற்பதும் வேறு விஷயம். 'பறக்கும் சிறுவன்' என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் அதை வரைந்த விதம் அவருக்குச் சொந்தம். உங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு: படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் பெர்ன் என்ற சர்வதேச உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில், நீங்கள் வரைந்து முடித்ததுமே பதிப்புரிமை வந்துவிடும், அதற்குப் பதிவு கட்டாயமில்லை. தேதியுடன் கூடிய ஸ்கெட்ச் கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி (ஒரு தாய்): மகளின் படம் டேப்லெட்டில் மின்னுகிறது. அச்சடித்தால் மங்கிப் போகிறது, ஓரமெல்லாம் படிக்கட்டு போலத் தெரிகிறது. அவள் அழுதேவிட்டாள்.

பதில்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, காகிதம் மையால் காட்டுகிறது. நியான் பச்சை, மின்னும் நீலம், பளிச்சென்ற இளஞ்சிவப்பு போன்றவற்றை நான்கு வண்ண மையால் அப்படியே கொண்டுவர முடியாது. அச்சுக்குப் போகும் படமானால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் அடக்கமான நிறங்களை எடுக்கச் சொல்லுங்கள். செயலியில் 'சிஎம்ஒய்கே' (அந்த நான்கு அச்சு மை நிறங்களின்) முன்னோட்டம் இருந்தால் அதில் பார்த்துவிடலாம். வரையும்போது 'நைட் லைட்' போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அந்த மஞ்சள் ஒளியில் தேர்ந்தெடுத்த நிறம் வேறெங்கும் அப்படி வராது.

படிக்கட்டுக்குக் காரணம் கேன்வாஸின் அளவு. ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். ஏ4 தாள் முழுக்க என்றால் 2480க்கு 3508. 10 சென்டிமீட்டர் அகலப் படத்துக்குச் சுமார் 1181. சின்னதாக வரைந்ததைப் பிற்பாடு பெரிதாக்கினால் சரியாகாது, தொடங்கும்போதே அளவை வைக்க வேண்டும். அனுப்பும்போது பிஎன்ஜி கோப்பாக அனுப்புங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தகவலை இழக்கும், பின்னணியை வெற்றிடமாக விடவும் அதில் முடியாது. அவளை அழவைத்த படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதை மங்கலாக்கிக் கீழ் லேயரில் வைத்து, பெரிய கேன்வாஸில் மேலே கோடு மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நிறம் ஏற்கெனவே முடிவானதால் வேலை சீக்கிரம் முடியும்.

கேள்வி: படங்களை இப்போது செயற்கை நுண்ணறிவே வரைந்து தருகிறதே, குழந்தை ஏன் கஷ்டப்பட வேண்டும்?

பதில்: டிங்குவின் வாலுக்குக் குருத்தெலும்பு இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை அடுத்து என்ன வரையப் போகிறது என்பதற்காக. எந்த வால், ஏன் அந்த வால் என்று தேர்ந்தெடுப்பதுதான் இதில் பிள்ளைக்குக் கிடைக்கிற சந்தோஷம். அதைப் பிடுங்கிக்கொண்டு படத்தை மட்டும் கொடுக்க எனக்கு மனமில்லை.

கேள்வி (படக்கதை தொடங்கியிருக்கும் வாசகர்): முதல் பக்கத்தில் இருந்த பெண் நான்காம் பக்கத்தில் அவளுடைய அக்காபோல ஆகிவிடுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் நிறமும் மாறுகிறது.

பதில்: கதையை நிறுத்திவிட்டு ஒரு மாதிரித் தாள் தயார் செய்யுங்கள். முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என நான்கு நிலைகளில் அவளை ஒரே தரைக்கோட்டில் நிறுத்துங்கள். உச்சி, கண், தாடை, இடுப்பு, முழங்கால் வழியாகக் குறுக்கே கோடு இழுங்கள். நான்கு உருவத்திலும் அவை ஒரே உயரத்தில் வர வேண்டும். பெரும்பாலும் கண்தான் மேலே ஏறியிருக்கும். கண் ஏறினால் நெற்றி குறையும், நெற்றி குறைந்தால் வயது கூடும். உங்கள் பெண் அக்காவானது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அதே தாளின் ஓரத்தில் முகபாவங்கள்: சிரிப்பு, கோபம், பயம், அப்புறம் சும்மா இருக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பதும். இந்தச் சும்மா இருக்கும் முகத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், பக்கங்களில் அதிகம் தேவைப்படுவது அதுதான். பக்கத்தில் தோல், முடி, உடை ஒவ்வொன்றுக்கும் சிறு கட்டம், உள்ளே அதன் நிறம், கீழே மூன்று எண்கள். நிழல் நிறத்துக்கும் தனிக் கட்டம் போடுங்கள். முந்தைய பக்கத்தின் படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்காதீர்கள், நிழல் விழுந்த இடத்தில் கை பட்டால் அந்த நிறமே அடுத்த பக்கத்துக்கு அடிப்படையாகிவிடும். எப்போதும் மாதிரித் தாளின் கட்டத்திலிருந்தே எடுங்கள். அந்தத் தாளை ஒவ்வொரு பக்கத்தின் கோப்பிலும் மேல் லேயராக வைத்து, வேலை முடிந்ததும் மறைத்துவிட்டுச் சேமியுங்கள்.